ராஸ் ஊரின் அடக்கஸ்தலம்



அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் மவுண்ட்ரெயில் என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்றதொரு நிர்வாகப் பிரிவு எனக் கொள்ளலாம். பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் 9,809 பேர். அதன் நடுப்பகுதியில், இருப்புப் பாதையை ஒட்டி, ராஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. நூறு பேரைக்கூட எட்டாத அவ்வூருக்கு அருகே, பிறையும் விண்மீனும் பொறித்த வாயிலுடன் ஒரு முஸ்லிம் அடக்கஸ்தலம் உள்ளது.

நாம் அம்மண்ணை மிதித்தவரல்லோம். ஆயினும் அம்மக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள்முதல் அவர்கள் நினைவு நம்மை விடவில்லை.

பழங்காலப் பனிப்பாறைகள் உருகி விட்டுச்சென்ற மேடுகளும் எண்ணற்ற குட்டைகளும் நிறைந்த நிலம் அது. மரங்கள் அரிது. புல்லும் கோதுமையும் ஆளிவிதையும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருக்கும். தெற்கே மிசூரி ஆறு. குளிரின் கொடுமைக்கு ஓர் அளவு சொல்வதானால், 1936 பிப்ரவரியில் இக்கவுண்டியின் பார்ஷல் ஊரில் பதிவான வெப்பநிலை, உறைநிலைக்குக் கீழே 51 பாகை செல்சியஸ். அம்மாநிலத்தில் அதற்குமேல் குளிர் பதிவானதில்லை.

இத்தகைய இடத்துக்கு, 1900ஆம் ஆண்டை ஒட்டி, உஸ்மானியப் பேரரசின் ஸிரியாவிலிருந்து, அதாவது இன்றைய லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குப் பகுதியிலிருந்து முஸ்லிம்கள் வந்தனர். ஹஸன் ஜுமா என்பவர் முன்னோடிகளுள் ஒருவர். தொடக்கத்தில் தலைச்சுமையாகவும் வண்டியிலும் பொருள்களை ஏற்றிக்கொண்டு பண்ணை வீடுகள்தோறும் விற்றவர்கள், பிறகு நிலம் பெற்று உழவர்களாயினர். அன்றைய சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் நிலத்தில் குடியிருந்து, ஐந்தாண்டுகள் உழுது பயிரிட்டால் அது அவருக்கே உரிமையாகும். அண்டையில் இருந்தோர் பெரும்பாலும் நார்வே, ஸ்வீடன் நாடுகளிலிருந்து வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள்.

அவர்களுடைய நோன்பை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. பிறைக்கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், 1910 முதல் 1913 வரை ரமளான் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வந்திருக்கிறது. அங்கே அதுதான் கோதுமை அறுவடைக் காலம். 1918இல் ஜூன் மாதத்திலேயே வந்துவிட்டது. அந்த அகலாங்கில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறு மணி நேரம். ஸஹர் முடிவிலிருந்து கணக்கிட்டால் இன்னும் நீளும். பிறை கண்ட செய்தியைச் சொல்ல அண்டை ஊரில் ஒரு ஜமாஅத்தும் இல்லாத நாட்கள் அவை.

1939இல் அரசின் எழுத்தாளர் திட்டத்தினர் ஊர் ஊராகச் சென்று குடியேறிகளை நேர்கண்டு எழுதி வைத்தனர். அப்பதிவுகளுள் மேரி ஜுமா என்னும் மூதாட்டியின் வாக்குமூலமும் உண்டு. பள்ளிவாசல் எழுவதற்கு முன் வீடுகளிலேயே கூடித் தொழுததை அவர் கூறியிருக்கிறார். பள்ளிவாசல் எழுந்தது 1929இல். கான்கிரீட் சுவருடன், பாதி நிலத்துக்குள் புதைந்தாற்போல் அமைந்த எளிய கட்டடம். அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் அது ஒன்று.

கட்டிய ஆண்டைக் கவனியுங்கள். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. அடுத்து வந்தது வறட்சி. 1930இல் 13,500 அளவில் இருந்த மவுண்ட்ரெயிலின் மக்கள்தொகை, 2000இல் 6,631 ஆகச் சுருங்கிற்று. இளைஞர்கள் பண்ணையை விட்டு நகரம் நோக்கிச் சென்றனர், எஞ்சியோரில் பலர் அண்டைவீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணமுடித்தனர், பெயர்களும் மாறின. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் வேண்டும் என்பதை நம் பிள்ளைகளும் மனனம் செய்கின்றனர். ஹனஃபி மத்ஹபில் இமாமையன்றி மூவர் போதும். மொத்தமே சில பத்துக் குடும்பங்கள் வாழும் ஊரில், ஒவ்வொரு மகனும் ரயிலேறும்போது என்ன நேரும் என்பதை இச்சட்டங்களைக் கற்பிக்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் பயனற்றுப்போய், 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. 2005இல் அதே இடத்தில், அம்முன்னோர்களின் வழிவந்த குடும்பத்தினரின் முயற்சியால், சிறு குவிமாடமும் நான்கு சிறு மினாராக்களும் கொண்ட ஒரு சின்னஞ்சிறு பள்ளி எழுப்பப்பட்டது.

நம்முடன் பணிபுரியும் மூத்த ஹஜ்ரத் ஒருவர் இச்செய்தியைக் கேட்டதும், "பார்த்தீர்களா மௌலவி, மக்தப் இல்லாத ஊர் இப்படித்தான் முடியும்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பள்ளிக்குச் சுவர் எழுப்பினார்கள். பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லித்தரும் நிலையான ஏற்பாடு எழவில்லை. மாலை டியூஷனுக்காக மதரஸாவை விட்டு நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் அடித்துக்கொண்டிருக்கும் நமக்கு இது வேற்றூர்க் கதையன்று.

எனினும் ஹஜ்ரத்தின் தீர்ப்பை அப்படியே ஏற்க நம் மனம் இடந்தரவில்லை. நிலத்தைச் சரிபார்க்க வரும் அதிகாரிக்கும், உறையும் குளிருக்கும், கடன்காரனுக்கும் இடையே வாழ்ந்தவர்கள் ஒன்றை மட்டும் கைவிடவில்லை: தம் மையித்துகளைத் தம் மண்ணில் அடக்கினார்கள். ஜனாஸா ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் ஊர் முழுவதன் கடமையும் நீங்கிவிடும். நாற்பது பேர் கூடாத இடத்திலும் நாலு பேர் கூடி நிறைவேற்றக்கூடியது அது. அந்த நாலு பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்த அடக்கஸ்தலம் இன்று தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பதிவேட்டிலும் வாயிலிலும் "அஸ்ஸிரிய முஸ்லிம்" என்றே பெயர். ஸிரியர் அஸ்ஸிரியராகிவிட்டனர், முஸ்லிம் என்ற சொல் மட்டும் மாறவில்லை.

அதே கவுண்டியின் தென்பகுதியில் இறந்தோரையே இடம் பெயர்க்க நேர்ந்தவர்களும் உண்டு. மாண்டன், ஹிடாட்ஸா, அரிகரா ஆகிய மூன்று பழங்குடியினரின் ஃபோர்ட் பெர்தோல்ட் ஒதுக்கீட்டு நிலத்தின் ஒரு பகுதி மவுண்ட்ரெயிலுக்குள் அமைந்திருக்கிறது. மிசூரியின் குறுக்கே காரிஸன் அணை கட்டப்பட்டு 1953இல் நீர் தேங்கத் தொடங்கியபோது, அவர்களுடைய நிலத்தில் 1,50,000 ஏக்கருக்கும் மேல் மூழ்கிற்று. ஆற்றங்கரையின் வளமான மண் போயிற்று; கப்ருகளைத் தோண்டி மேட்டுநிலத்துக்கு மாற்றினர். 1948 மே மாதத்தில் அதற்கான ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தானபோது, பழங்குடியினரின் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றி, கையால் முகத்தை மூடி அழுத புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. சூட்டும் டையும் அணிந்த அதிகாரிகள் சூழ நிற்கின்றனர். வந்தேறிகளுக்கு 160 ஏக்கர் வழங்கிய அதே அரசு மண்ணின் மக்களிடமிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் வரலாறு ஊனமாகிவிடும்.

2006இல் பார்ஷல் அருகே பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. சாலைகளில் டாங்கர் லாரிகள் பெருகின. சுருங்கிக்கொண்டிருந்த மக்கள்தொகை மீண்டும் ஏறிற்று. எண்ணெயைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கின்றனர்.

சென்ற மாதம் நம் வகுப்பில் உலக உருண்டையை வைத்து, "ராஸில் நின்று தொழுபவருக்குக் கிப்லா எப்பக்கம்?" என்று கேட்டோம். "மேற்கு, ஹஜ்ரத்" என்றனர் சிலர், நம் ஊர்ப் பழக்கத்தில். சற்று யோசித்தவர்கள் கிழக்கு என்றனர். ஒரு மாணவி ராஸிலிருந்து மக்காவுக்கு நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் வடகிழக்கே ஏறி, ஹட்ஸன் விரிகுடாவையும் கிரீன்லாந்தையும் ஐஸ்லாந்தையும் தொட்டு, ஐரோப்பாவின் வழியே இறங்கிற்று. பிள்ளைகள் நம்பவில்லை, மூவர் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தனர்.

அன்று முதல் இவ்வூரை இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்தில் ஒரு பாடமாகச் சேர்க்கலாம் என்று கேட்டு வருகிறோம். "கலீஃபாக்களின் வரலாற்றுக்கே நேரம் போதவில்லையே" என்கிறார் மூத்த ஹஜ்ரத். நிர்வாகம் இன்னும் விடை சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலையில், வழக்கமான பாடம் முடிந்தபின் அரைமணி நேரம், விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் இப்போதைக்கு நடத்துகிறோம். ஒன்பது பேர் வருகின்றனர்.