எம் தங்கையின் மிதிவண்டி

மாந்தர் தம் அறிவால் ஆக்கிக்கொண்ட ஊர்திகளுள் மிதிவண்டியினும் எளியது பிறிதில்லை. அதற்குப் புல்லும் வேண்டா, எண்ணெயும் வேண்டா. ஏறுவோர் கால்களே அதன் குதிரைகள். ஏழைக்கும் எட்டும் இவ்வூர்தி எல்லார்க்கும் பொதுவென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென உணர்ந்த வரலாறு எமக்குச் சிறிது நாணந் தருவதாயினும், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் இல்லம் சவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் உள்ளது. எட்டாம் வயதில் எந்தையார் இருக்கையைப் பின்னின்று பற்றிக்கொண்டு ஓடிவந்து எமக்கு மிதிவண்டி பழக்கினார். இரண்டாண்டு இளையளாகிய எம் தங்கை அப்போது திண்ணையில் அமர்ந்து பார்த்திருந்தாள். அவளுக்கும் பழக்கவேண்டுமென்று வீட்டில் எவர்க்கும் தோன்றவில்லை. எவரும் அவளைத் தடுத்தாருமல்லர், அக்கேள்வியே எழவில்லை.

தமிழ்நாட்டு அரசினர் பள்ளிப் பிள்ளைகட்கு விலையின்றி மிதிவண்டி வழங்குதலை யாவரும் அறிவர். 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு மாணவியர்க்கென்று தொடங்கிய அத்திட்டம், பின்னர் ஏனை மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. எம் தங்கையும் 11-ஆம் வகுப்பில் ஒன்று பெற்றாள். பெற்றவள் ஏறி வரவில்லை. இரண்டு மைல் தொலைவும் அதனைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அன்னையார் அதைப் பார்த்து, “ஓட்டத் தெரியாதவளுக்கு எதற்கு? அண்ணன் எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றார். தங்கை மறுமொழி கூறவில்லை. அம்மௌனத்தை இசைவென்று கொண்டு, யாம் அவ்வண்டியைப் பேருந்தின் மேலேற்றிக் கல்லூரி விடுதிக்குக் கொணர்ந்தோம். “பெண்பிள்ளை வண்டி” என்று தோழர் நகைத்தபோது முன்னிருந்த கூடையைக் கழற்றி எறிந்தோம். அவளோ நாடோறும் பள்ளிக்கு நடந்து சென்றாள்.

இந்நிலையில் ஒருநாள் நூல்நிலையத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1991-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் தொடங்கிய எழுத்தறிவுப் பணியோடு, ஆட்சித்தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்து நடத்துவித்தார். உழவுத்தொழில் செய்வோரும், கல் உடைப்போரும், கிராமச் செவிலியரும் பயின்றனர். 1992-இல் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் பலரும் காணத் தம் திறமையைக் காட்டினராம். பெண்டிர்க்கென்று அமைந்த வண்டிகள் போதாமற்போகவே, ஆடவர் வண்டிகளையும் ஓட்டினர். அவற்றின் குறுக்குக் கம்பியிற் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாமென்று அவற்றையே விரும்பினோரும் உளர்.

இச்செய்தி எம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. ஆடவர் செலவு பெரும்பாலும் ஒற்றைக் கோடு: வீட்டினின்று வேலைக்கும், வேலையினின்று வீட்டுக்குமாம். பெண்டிர் செலவோ கிளைபல விட்ட கொடி: குழந்தையைப் பள்ளியில் விட்டு, கடைக்குச் சென்று, தண்ணீர் கொணர்ந்து, பின் தம் வேலைக்கும் செல்லவேண்டும். மிகுதியாகச் சுமப்பவர் நடக்க, வெறுங்கையர் ஊர்ந்து செல்வது என்ன முறை! பெண் உடல் இதற்கு ஏலாது என்பாருமுளர். ஒல்லாந்து நாட்டில் பெண்டிர் ஆடவர்க்குச் சிறிதும் குறையாது மிதிவண்டியிற் செல்கின்றனரே! அங்கே நிலம் சமமானது. வண்டிகட்கெனத் தனிவழிகளும் உண்டு. சிறுமியர்க்கும் இளமையிலேயே பழக்குகின்றனர். ஆகவே குறை உடலிலன்று. பழக்குவார் இன்மையிலும், அஞ்சாது செல்லும் வழி இன்மையிலுமே உளது. புதுக்கோட்டையார் வண்டியோடு பயிற்சியும் அளித்தனர். எம் வீட்டிலோ வண்டி வந்தும் பயிற்சி வரவில்லை. வந்த வண்டியையும் யாம் கவர்ந்துகொண்டோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் புதுக்கூடை ஒன்று வாங்கிப் பூட்டி, வண்டியை ஊருக்குக் கொண்டுசென்றோம். “உன் வண்டி, அம்மா, ஏறு” என்றோம். தங்கை எம்மை நோக்கி, “இப்போதுதான் நினைவு வந்ததா, அண்ணா?” என்றாள். அதற்கு எம்பால் விடையில்லை. எந்தையார் எமக்குச் செய்தவாறே இருக்கையைப் பற்றி ஓடினோம். முதல்நாள் மும்முறை வீழ்ந்தாள். முழங்கையிற் குருதி கசிந்தது. “யாரேனும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? போதும்” என்றார் அன்னையார். ஐந்தாம் நாள் யாம் கைவிட்டதை அறியாமலே அவள் நெடுந்தூரம் சென்றுவிட்டாள். அதன்பின் அன்னையாரே, “வரும்போது எண்ணெய் வாங்கி வா, தையற்காரரிடம் துணியையும் கேட்டு வா” என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை ஏவலானார். கூடை நிரம்பிற்று.

எம் ஊர்ச் சாலை ஏற்றமும் இறக்கமுமாயது. மேட்டில் அவளும் இறங்கித் தள்ளுகிறாள். யாமும் இறங்கியே தள்ளுவோம். மலைக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை தெரியாது. அதனை வைத்தவர் நாமே.

தோழர்களே, நம் விடுதிக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளுள் குறுக்குக் கம்பி இல்லாதன இன்னும் சில உள. அவை எவ்வெவர் வீட்டுத் தங்கையர்க்கு உரியன என்பதை அவரவரே அறிவர். அடுத்த விடுமுறையில் அவை ஊர் செல்லுமாக!