பூநாரையும் கமெராவின் எல்லையும்

மன்னார்ப் பாலத்தடியிலும் வங்காலைச் சரணாலயத்திலும் பூநாரைகள் இறங்கும் காலத்தில், புதிதாகக் கமெரா வாங்கிய தம்பி தங்கைகள் பலரைக் காண்கிறேன். மனம் நிறைகிறது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

கமெராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெயிலில் மின்னும் உப்புத்தரை சட்டத்தை நிறைத்தால் படம் இருண்டுவிடும். எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். இருண்ட நீரில் ஒற்றை வெள்ளைப் பறவை நின்றால் இறகின் நுணுக்கம் வெளுத்துப்போகும், குறைக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனில் வைத்தால் சிறகு தெளிவாக விழும். நண்பகல் வெக்கையில் காற்று அலையும்போது எவ்வளவு விலையான லென்ஸும் கூர்மை தராது. விடியற்காலையில் போங்கள்.

லென்ஸுக்கு எட்டாத தூரத்தை நடந்து குறைக்கப் பார்க்காதீர்கள். கிட்டப் போனால் கூட்டமே எழும்பிப் பறக்கும்; இரை தேடும் நேரமும் உடற்பலமும் வீணாகும். வங்காலை 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது இந்தப் பறவைகளையும் கருத்திற்கொண்டுதான். சின்ன லென்ஸ் என்றால் பறவையைச் சிறிதாகவே வைத்து, களப்பையும் வானத்தையும் சேர்த்து எடுங்கள். மன்னார் எப்படிப்பட்ட இடம் என்பதை அந்தப் படம்தான் நன்றாகச் சொல்லும்.