நான்காவது தூண்

நியூ ஜெர்சி, 2024

அக்டோபர் 1, செவ்வாய்

சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி அமைப்பான நேஷனல் ஹானர் சொசைட்டிக்குத் தகுதியுள்ள பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.0. எங்கள் பள்ளியில் 3.5. தேர்வுக் குழுவில் ஐந்து ஆசிரியர்கள். இந்த வருஷம் நானும் இருக்கிறேன். எங்கள் கிளையின் பொறுப்பாசிரியைக்கு ஓட்டுக் கிடையாது.

1921-இல் பிட்ஸ்பர்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹைஸ்கூலில் எட்வர்ட் ரைனர்சன் முதல் கிளையைத் தொடங்கியபோதே, படிப்போடு மற்றதையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கல்வி, சேவை, தலைமை, குணம் என்று நான்கு தூண்கள். முதல் தூணைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மீதி மூன்றும் எங்கள் தலையில்.

அக்டோபர் 5, சனி

தெரிந்தவர் வீட்டுக் கொலு. சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நம்ம பையனுக்கு 3.9 இருக்கு. அதுக்கு மேல என்ன பார்ப்பீங்க?"

சொன்னேன்.

"குணத்துக்கு எப்படிக்கா மார்க் போடுவீங்க?"

நியாயமான கேள்வி. பப்ளிக் பரீட்சை மார்க்கே எல்லாவற்றையும் தீர்மானித்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். குழுவில் பேசுவதை வெளியே சொல்ல முடியாது என்றேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அவளைத் தெரியும் என்பதைத் திங்களன்று பொறுப்பாசிரியையிடம் சொல்லி, அந்தப் பையன் விஷயத்தில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் பாரங்களைப் படித்தேன். பெயர் பார்த்து மனம் சாயாமல் இருக்க, மேல்பகுதியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டேன்.

ஒன்றில் உணவு வங்கி, பூங்கா சுத்தம், மருத்துவமனை, ரத்ததான முகாம் என்று வரிசையாக இருக்கிறது. எல்லாமே ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில், ஒவ்வொன்றும் ஒரே நாள். பொய் ஒன்றுமில்லை. ஆனால் எதற்கும் இரண்டாம் முறை போகவில்லை.

இன்னொன்றில் ஒரே வரி: ஒன்பதாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமைதோறும் நூலகத்தில் முதியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது. தலைமைப் பதவிகள் என்ற இடத்தில் "இல்லை". கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது, என் கெமிஸ்ட்ரி லேப் பெண். ஆங்கிலம் அதிகம் தெரியாமல் வருஷ நடுவில் வந்து சேர்ந்த பையனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டுக்கொண்டவள். பியூரெட்டில் அளவு பார்க்கக் கண்ணை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்று குனிந்து காட்டினாள். பிறகு அவனையே படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பதவி வகித்தால்தான் தலைமை என்று விதியில் எங்கும் இல்லை. இதைக் குழுவில் நான்தான் சொல்ல வேண்டும், பாரத்தில் அவள் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

கூட்டம் இருட்டும் வரை நீண்டது. கல்வி, சேவை, தலைமை எல்லாம் வேகமாக ஓடின. குணத்தில் வண்டி நின்றுவிட்டது.

ஒரு பையனைப் பற்றி சக ஆசிரியர் ஒருவர், "திமிர் பிடித்தவன்" என்றார். பொறுப்பாசிரியை உடனே, "எப்போது, என்ன செய்தான்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்ததில், வகுப்பில் அவர் போட்ட கணக்கில் தப்பு இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னானாம். தப்பு இருந்ததா என்றால், இருந்தது. குறிப்பிலிருந்து அந்த வார்த்தையை எடுத்துவிட்டோம்.

அப்போதுதான் கென்டக்கி வழக்கு பற்றிப் பேச்சு வந்தது. மதிப்பெண் நன்றாக இருந்தும், கல்யாணமாகாமல் தாயானார்கள் என்பதற்காக இரண்டு மாணவிகளைச் சொசைட்டியில் சேர்க்காமல் விட்டது அங்கே ஒரு பள்ளி. அவர்களைச் சேர்க்கும்படி 1998 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. 'குணம்' என்ற பெயரில் நமக்குப் பிடிக்காததையெல்லாம் உள்ளே நுழைத்துவிடலாம் என்பதுதான் இந்தத் தூணின் ஆபத்து. நம்பகம், மரியாதை, பொறுப்பு, நியாயம், அக்கறை, குடிமை உணர்வு என்று குணத்தை ஆறாகப் பிரித்துச் சொசைட்டியின் கையேட்டில் கொடுத்திருக்கிறார்கள். அதில் எதுவானாலும், கண்ணால் பார்த்த ஒரு காரியம் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 30, புதன்

கடிதங்கள் போய்விட்டன. லேப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவனுக்கும். கொலு வீட்டுப் பையனுக்கு இல்லை.

ராத்திரி போன் வந்தது. "நாளைக்குத் தீபாவளி. இந்த நேரத்தில இப்படி ஆயிடுச்சேக்கா."

காரணத்தை நான் சொல்ல முடியாது, பொறுப்பாசிரியையிடம் பேசச் சொன்னேன். அடுத்த வருஷமும் வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் பிடித்த வேலை ஒன்றை எடுத்து விடாமல் செய்யட்டும் என்றேன். எது எடுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

நவம்பர் 14, வியாழன்

சேர்ப்பு விழா. தூணுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்தி, உறுதிமொழி, பெற்றோரின் போன் கேமராக்கள், கேக்.

உள்ளே வந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தரம் இறங்கினால் எழுத்தில் எச்சரிக்கை உண்டு. நீக்குவதென்றால் முதலில் விசாரணை நடத்த வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் வேலை இருக்கிறது: வரும் செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க வேண்டும். கேமராவுக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டில் குறித்து வைக்கப்போகிறேன்.