45-க்கும் 56-க்கும் நடுவே

கோல்ஃப் மட்டையின் கழுத்தை வளைத்துப் பிழைக்கிறவர்களும் சென்னையில் இருக்கிறார்கள். இங்கே கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அவர்களைத் தெரியும். நான் பார்க்கப் போன பட்டறை, ஒரு வீட்டின் கார் ஷெட்தான். சுவரோரம் கட்டுக்கட்டாக ஷாஃப்ட்டுகள், உரித்துப் போட்ட ரப்பர் கிரிப்புகள், எபாக்ஸி பசையின் நெடி. நடத்துகிறவர் சிறுவயதில் கேடியாகப் பை தூக்கியவர். "முதுகு போச்சு சார், கை மிச்சம் இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு வந்திருந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கூடவே அவருடைய கேடி, இருபது வயதுப் பையன். அதிகாரியின் பையில் கிட்டத்து ஷாட்டுக்கான மட்டைகள், அதாவது வெட்ஜ்கள், மூன்று: லாஃப்ட் 45, 56, 60 டிகிரி. லாஃப்ட் என்பது மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். சாய்வு கூடினால் பந்து உயரமாக எழும்பிக் கிட்டத்திலேயே விழும். நாலைந்து டிகிரிக்கு ஒரு மட்டை என்று வைத்துக்கொண்டால் தூரம் பத்துப் பதினைந்து யார்டாகப் படியிறங்கும். இவருக்கோ 45-க்கும் 56-க்கும் நடுவே பதினோரு டிகிரி காலி. அப்படியிருந்தும் 64 டிகிரியில் புதிதாக ஒன்று வேண்டும் என்றார், டிவியில் யாரோ அடித்ததைப் பார்த்துவிட்டு.

"பிட்ச்சிங் வெட்ஜ், இந்த 45, எவ்வளவு போகுது சார்?"

"நூற்று முப்பது."

பையன் கூரையைப் பார்த்தான். அதிகாரி போன் பேச வெளியே போனதும், "அண்ணே, நூத்தி அஞ்சு. காத்து பின்னாடி இருந்தா நூத்தி பத்து" என்றான். "56?" "எழுபத்தஞ்சு." பட்டறைக்காரர் பையன் சொன்னதைத்தான் நோட்டில் குறித்துக்கொண்டார். தான் வாழ்நாளில் அடித்த மிக நல்ல ஷாட்டைத்தான் தன் தூரமென்று ஆட்டக்காரர் நினைத்துக்கொள்வார். கேடிக்கு மற்ற எல்லா ஷாட்டும் நினைவிருக்கும். பந்தைத் தேடிப் போகிறவன் அவன்தானே.

இந்தப் பதினோரு டிகிரி ஓட்டை விழுந்ததற்கு ஆட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தலைமுறைக்கு முன், ஐயர்ன் மட்டைகளோடு சேர்ந்து வரும் பிட்ச்சிங் வெட்ஜ் ஐம்பது டிகிரியை ஒட்டி இருந்தது. 'எங்கள் ஐயர்ன் அதிக தூரம் போகும்' என்று விற்பதற்காகக் கம்பெனிகள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தன. இன்று 43, 44 கூடச் சாதாரணம். சாண்ட் வெட்ஜ் மட்டும் நகரவில்லை. ஜீன் சாரசன் அடிப்பாகத்தில் ஈயத்தை ஒட்டிக் கனமாக்கி, 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு எடுத்துப்போய் ஜெயித்த நாளிலிருந்து அதன் வேலை மணல்தான். அது 54, 56-லேயே நின்றுவிட்டது. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, அதே கம்பெனிகளே இன்னொரு மட்டையை விற்கின்றன. கெட்டிக்கார வியாபாரம்.

பட்டறைக்காரர் 56-ஐ எடுத்துத் தலையை இடுக்கியில் இறுக்கினார். அளவுகோலின் தகட்டை முகத்தோடு ஒட்ட வைத்து முள்ளைக் காட்டினார்: 57. பொறித்திருந்த எண் 56. பாக்டரியிலிருந்து வரும்போதே ஒரு டிகிரி இப்படி அப்படி இருப்பது சகஜமாம். பிறகு பித்தளைப் பட்டை வைத்த நீளக் கம்பியைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. இரும்பு முனகியது. மறுபடி அளந்தால் 54.5. நான் கேட்பதற்குள் கம்பியைத் திருப்பி மாட்டி லேசாகத் தட்டினார். 55. "இது மென்மையான கார்பன் ஸ்டீல், சொன்னபடி கேக்கும். வார்ப்பு ஸ்டெயின்லெஸ்னா ரெண்டு டிகிரிக்கு மேல தொட மாட்டேன். ஸ்பிரிங் மாதிரி திரும்பும், இல்லன்னா கழுத்து போயிடும்."

சாய்வு குறைந்தால் கூடவே பவுன்ஸும் குறையும், டிகிரிக்கு டிகிரி. பவுன்ஸ் என்பது அடிப்பாகத்தின் புடைப்பு. மட்டை மண்ணில் புதையாமல் காக்கிறது. மணல் குழியில் அது தெய்வம். மே மாதச் சென்னைத் தரையில் அதுவே சனியன்: காய்ந்த மண்ணில் மட்டை துள்ளி, பந்தின் வயிற்றில் கத்தி பாய்வதுபோல் விளிம்பு இறங்கும். இரண்டு டிகிரி குறைத்ததில் அந்தத் தொல்லையும் கொஞ்சம் தணியும்.

அதிகாரி திரும்பி வந்தார். 45, 50, 55 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் பட்டறைக்காரர். ஒவ்வொன்றையும் இடுப்புவரை, நெஞ்சுவரை, தோள்வரை என மூன்று வீச்சில் பழகினால் ஒன்பது தூரம் கைக்கு வரும். நாசாவில் வேலை பார்த்த டேவ் பெல்ஸ் தன் கோல்ஃப் புத்தகத்தில் இதையே கடிகார முள்ளின் கணக்கில் சொன்னார். பட்டறைக்காரர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவரில்லை. பார்த்து நின்ற ஆட்டங்களிலிருந்து தேற்றிக்கொண்டது.

கேடிகளின் இந்த அறிவுக்குத் திடலில் தனிக் கூலி கிடையாது. பையைச் சுமந்ததற்குத்தான் காசு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் ஜெயித்தார். மற்றவர்கள் முதலாளி கழித்துப்போட்ட மட்டைகளோடு காலம் தள்ளுகிறார்கள்.

60-ஐயும் வைத்துக்கொள்வேன் என்று அதிகாரி பிடிவாதம் பிடித்தார். 50 வந்தால் மொத்தம் பதினைந்து மட்டை ஆகிவிடும், விதி பதினாலுதான். எதை எடுப்பது என்று அவர் பையைக் கிளற, பையன் முந்திக்கொண்டு மூன்றாம் எண் ஐயர்னை உருவி நீட்டினான். "இது இந்த வருசம் வெளியவே வரல சார்." அதிகாரி சிரித்துவிட்டார்.

வளைத்த கூலியை வாங்கிக்கொண்டு, ஒரு சீசன் கழித்து வரச் சொன்னார் பட்டறைக்காரர். மென்மையான இரும்பு அடிக்க அடிக்கத் தானே அரை டிகிரி, ஒரு டிகிரி நகர்ந்துவிடுமாம். அப்போது திரும்ப அளக்க வேண்டும்.