மூன்றுக்குக் கீழே

அமெரிக்காவில் ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட் (பிஏ) படிப்புக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பிழைப்பு எமர்ஜென்சி பிரிவில். இது கூடுதல் வேலை. இந்தச் சேதி தமிழ்ச் சங்கத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து, பொங்கல் விழாவுக்குப் போனால் யாராவது ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்கிறார்: “பையனுக்கு ஜிபிஏ 2.7தாங்க. டாக்டர் சீட் இனி நடக்காது. பிஏ-வாவது கிடைக்குமா?”

கிடைக்கலாம். ஆனால் முதலில் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். கல்லூரியில் 120 கிரெடிட் படித்து 2.7 சராசரி வாங்கியவர், பல ஸ்கூல்கள் கேட்கும் 3.0-ஐத் தொட, மேற்கொண்டு 36 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கும் மேற்பட்ட படிப்பு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய சி-யை, திரும்பப் படித்து ஏ வாங்கி அழித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். படித்த கல்லூரி அழிக்கலாம். பெரும்பாலான பிஏ ஸ்கூல்களுக்கு விண்ணப்பம் போகும் வழியான காஸ்பா அழிப்பதில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்தே சராசரி போடும். அந்தப் பாடத்தில் கடைசியில் கையில் நிற்பது பி.

ஸ்கூல்கள் இந்த எண்ணை இப்படிக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் திமிர் இல்லை, பயம். படிப்பு பொதுவாக 27 மாதம் ஓடும். முதல் வருஷம் வகுப்பறை: அனாட்டமி, ஃபிசியாலஜி, ஃபார்மகாலஜி, கிளினிகல் மெடிசின் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். படிப்பு முடிந்ததும் 300 கேள்விகள் கொண்ட பான்ஸ் தேர்வு. அதில் தேறாமல் லைசென்ஸ் இல்லை. முதல் முறையிலேயே எத்தனை பேர் தேறினார்கள் என்பதை ஒவ்வொரு ஸ்கூலும் ஊரறிய வெளியிட வேண்டும். அங்கீகாரம் கொடுக்கும் ஆர்க்-பிஏ அதைக் கண்காணிக்கிறது. ஆகவே மூன்றுக்குக் கீழே உள்ள விண்ணப்பத்தை எடுத்ததும் எங்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இவர் முதல் வருஷத்தைத் தாங்குவாரா?

   

அதனால் மதிப்பெண் பட்டியலை நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் எடுத்து ஏ வாங்கியிருந்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் புரிவதில்லை. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஜெனெடிக்ஸ் மூன்றையும் ஒரே செமஸ்டரில், அதுவும் வேலை பார்த்துக்கொண்டே எடுத்து ஏ வாங்கியிருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். அது கம்யூனிட்டி காலேஜ் என்றாலும் எனக்குக் குறையில்லை. என் சகாக்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் ஸ்கூல்களும் உண்டு, மூன்றுக்குக் கீழே என்றால் கண்ணில் படும் முன்பே கணினியை வைத்துக் கழித்துவிடும் ஸ்கூல்களும் உண்டு. எது எப்படி என்று விசாரிக்காமல் விண்ணப்பம் போடுவது பணத்தைத் தண்ணீரில் விடுவது.

இந்தத் தொழில் மார்க்கை வைத்துத் தொடங்கியதே இல்லை. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் முதல் வகுப்புக்கு எடுத்தது நான்கு பேரை. நால்வருமே கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள். காயத்தைப் பார்த்த கண்ணும் கட்டுப்போட்ட கையும்தான் அவர்களுடைய தகுதி. நோயாளிகளோடு இத்தனை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும் என்று பல ஸ்கூல்கள் இன்றும் கேட்பது அந்த மரபின் மிச்சம். ஆனால் இன்றைக்குச் சேருகிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.5-ஐ ஒட்டி நிற்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மணி நேரத்திலும் தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதுவதைச் சில ஸ்கூல்கள் நோயாளி அனுபவமாகவே எண்ணுவதில்லை. ஆம்புலன்ஸில் போனவர், ரத்தம் எடுத்தவர், நர்சிங் ஹோமில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முதியவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தவர் – இவர்களிடம் பேசினாலே வித்தியாசம் தெரியும். நர்சிங் ஹோமில் வேலை செய்த ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தாள். மொத்த ஜிபிஏ 2.8, கடைசி வருஷங்களில் எடுத்த அறிவியல் பாடங்களில் ஏறக்குறைய எல்லாமே ஏ. “அந்தத் தாத்தா காபி ஆறிப்போச்சுன்னு தினமும் என்கிட்ட சண்டை போடுவார். அன்னைக்குப் போடலை. நர்ஸ்கிட்ட போய்ச் சொன்னேன்” என்றாள். காய்ச்சல்கூட இல்லை. சிறுநீர்த் தொற்று ரத்தத்துக்குப் பரவியிருந்தது. வயதானவர்களுக்குத் தொற்று பல நேரம் இப்படித்தான் வரும். எமர்ஜென்சியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அவளுடைய கட்டுரையும் நினைவிருக்கிறது. காஸ்பா தருவது 5,000 எழுத்துகளுக்கான இடம், நடுவே விடும் இடைவெளியும் அதில் சேர்த்தி. அதில் பாதியை முதல் இரண்டு வருஷ மார்க்குக்குச் சமாதானம் சொல்லியே தீர்ப்பவர்கள் ஏராளம். அப்பா வேலை போனது, காதல் முறிந்தது, பேராசிரியர் சரியில்லை. இவள் இரண்டே வரியில் முடித்திருந்தாள்: அப்போது படிக்கத் தெரியவில்லை, இப்படி இப்படிக் கற்றுக்கொண்டேன். மீதி இடம் முழுக்க நோயாளிகள்.

குழுவில் நான் அவளுக்காகப் பேசினேன். என் சகா ஒருவர், முதியவரைப் புரட்டிப் போடுவதால் ஃபார்மகாலஜி வந்துவிடாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் காத்திருப்போர் பட்டியலில் போட்டோம். அந்தப் பட்டியல் வகுப்பு தொடங்கும் வாரம் வரைகூட நகரும், ஏனென்றால் இரண்டு மூன்று ஸ்கூலில் இடம் கிடைத்தவர்கள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார்கள். அவளுடைய முறை வந்து நாங்கள் கூப்பிட்டபோது, அவள் வேறொரு ஸ்கூலில் பணம் கட்டிவிட்டிருந்தாள்.