அம்மாவின் துளசியும் கொய்யா மரத்து ஈக்களும்

"இந்தத் துளசிதாம்மா எல்லாத்துக்கும் காரணம். முதல்ல இதத் தூக்கிப் போடுங்க" என்றார் அக்கா.

அம்மா பதில் சொல்லவில்லை. அவர் கையில் பாதியாக நறுக்கிய கொய்யாப்பழம். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

சுங்கைப் பட்டாணி தாமானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கொய்யா மரம் அப்பா நட்டது. முதலில் பழுப்பதைச் சாமிக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பையில் போட்டு எதிர்வீட்டு மக்சிக்குக்கும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் கொடுப்பார். அப்பா காலமான பிறகும் அம்மா அந்த வழக்கத்தை விடவில்லை. ஒருநாள் மக்சிக் வீட்டுச் சின்னப் பெண், "பாட்டி, அடா உலாட்!" என்று சிரித்துக்கொண்டே பழத்தைத் திருப்பிக் காட்டினாள். அத்தோடு அம்மா கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"புழு வெச்ச பழத்த யாருக்குக் குடுக்கறது? மரத்த வெட்டிடலாம் தம்பி" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை.

அக்கா சும்மா சொல்லவில்லை. காலையில் பூஜைக்குத் துளசி கிள்ளிய சற்று நேரத்தில், கசங்கிய இலையின் மேல் ஈக்கள் வந்து உட்காரும். வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் பொடி ஈக்கள் அல்ல இவை. குளவியைப் போல மஞ்சள் கோடுகளும் ஒடுங்கிய இடுப்பும் கொண்டவை. விரட்டினாலும் திரும்பி வந்து இலையை நக்கிக்கொண்டே இருக்கும்.

செடிகொடி விற்கும் கடையில் ஈப்பொறி ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் புட்டிக்குள் மருந்தில் நனைத்த பஞ்சு, அவ்வளவுதான். மரத்தில் தொங்கவிட்ட மூன்றே நாளில் புட்டியின் அடிப்பக்கம் கறுத்துவிட்டது. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். ஆனால் அடுத்து பறித்த பழத்திலும் புழு.

ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் துளசியின் கதை தெரிந்தது. 1912-இல் பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் ஒரு விநோதத்தை எழுதி வைத்தார். கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிக்கொண்ட அவருடைய அண்டை வீட்டுக்காரரைப் பழ ஈக்கள் மொய்த்தனவாம். வந்தவை எல்லாமே ஆண் ஈக்கள். அவற்றை இழுத்தது மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் என்று பிறகு அவர் கண்டறிந்தார். துளசியிலும் அது உண்டு, சரக்கொன்றைப் பூவிலும் உண்டு. என் பொறியில் இருந்த பஞ்சிலும் அதே வாசனைதான். துளசிச் சாறுக்கு இந்த ஈக்கள் வருவதை நம் பினாங்கிலேயே 1980-களில் டான் கெங் ஹோங் என்ற பேராசிரியர் ஆராய்ந்திருக்கிறார்.

ஆண் ஈ அதை முகர்வதோடு நிற்பதில்லை, நக்கி உண்கிறது. உடலுக்குள் அது வேறு இரண்டு பொருள்களாக மாறி, பின்பக்கச் சுரப்பியில் சேர்கிறது. அந்தி சாயும் நேரத்தில் ஆண்கள் இலைகளில் இடம் பிடித்துச் சிறகை விசிறி அந்த மணத்தைப் பரப்புகின்றன. பெண் ஈ அதைத் தேடி வருகிறது. வாசனை உண்ட ஆணுக்கும் உண்ணாத ஆணுக்கும் போட்டி வைத்தால், உண்டதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. உண்டு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அந்தச் செல்வாக்கு குறையவில்லை என்று ஹவாயில் நடந்த சோதனைகள் காட்டின.

நம் நாட்டுக் காடுகளில் உள்ள சில ஆர்க்கிட் பூக்கள் இந்த ஆசையைக் கொண்டே பிழைக்கின்றன. அவை தேன் கொடுப்பதில்லை. வாசனையைத்தான் கொடுக்கின்றன. நக்க வரும் ஈயின் முதுகில் மகரந்தத்தை ஒட்டி அனுப்பிவிடுகின்றன.

இதையெல்லாம் சொன்னதும் அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தார். "அப்போ மாப்பிள்ளை அத்தர் பூசிக்கிட்டுப் பொண்ணு பார்க்கப் போறாரு!"

"ஆமாம்மா. ஆனா பழத்துல முட்டை வைக்கிறது பொண்ணு. அது துளசிக்கும் வராது, பொறிக்கும் வராது."

என் தவறு அங்கேதான் இருந்தது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். நான் நூறு ஆண்களைக் கொன்றாலும் மிச்சமிருப்பவை போதும். போதாததற்கு, ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈக்கள் அடுத்த தெருவிலிருந்தும் பறந்து வரும். ஆண்களை மட்டும் கொன்று ஒழிப்பது ஊர் முழுக்கச் செய்தால்தான் பலிக்கும். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960-களில் அப்படித்தான் பழ ஈயை ஒழித்தார்கள். ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளில் அந்த வேலை 1986 வரை நீண்டது. ஒரு வீட்டுக் கொல்லையில் தொங்கும் ஒற்றைப் புட்டியால் அது ஆகாது.

நம் பெலிம்பிங் தோட்டக்காரர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். காய் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதானதும் ஒவ்வொன்றையும் பழைய நாளிதழ்த் தாளில் பொதிந்து கட்டினோம். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டோம். விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். எட்டாத கிளைகளுக்கு அக்காவின் மகன் ஏணி பிடித்தான். பொதிய மறந்த காய்களில் இப்போதும் புழு இருக்கிறது. பொதிந்தவை பெரும்பாலும் தப்பின.

போன வாரம் அம்மா ஆறு பழங்களைப் பையில் போட்டார். அதற்கு முன் ஒன்றை நறுக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினார்.

துளசி அதே மாடத்தில்தான் இருக்கிறது. காலையில் அத்தர் பூசிக்கொள்ள மாப்பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். அக்கா அவர்களை முறைப்பதோடு சரி.