மீசை தெரியும் கல்

மருதமுனை என்றதும் இலங்கையில் பலருக்கும் நினைவுக்கு வருவது கைத்தறி. கல்முனைக்கு வடக்கே உள்ள இந்த ஊருக்குச் சாரனும் சேலையும்தான் பெயர் வாங்கிக் கொடுத்தன. பிரதான வீதியிலிருந்து கிழக்கே நடந்தால் ஊரின் இன்னொரு தொழிலைக் காணலாம். மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள், கரைவலைத் தோணி, வலையைப் பிரித்துக் கிழிசல் பார்க்கும் கைகள். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் மிக மோசமாக அடிபட்ட ஊர்கள். ஆனாலும் கடலை நம்பி வாழ்ந்தவர்கள் கடலுக்கே திரும்பினார்கள்.

அவர்களில் சிறு கூட்டம்தான் சிங்கி இறால் பிடிப்பவர்கள். ஊர்க்கரை மணற்கரை; சிங்கிக்கோ ஒளிந்துகொள்ள இடுக்கு வேண்டும். அதனால் இவர்கள் கடலுக்குள் கிடக்கும் கற்பார்களைத் தேடிப் போகிறார்கள். தெற்கே பொத்துவில், பாணமைப் பக்கம் போய் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்பவர்களும் உண்டு. நான் இவர்களோடு இருந்தது கச்சான் காற்றுக் காலத்தில். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்தக் காற்றில் காலை நேரத்துக் கடல் தட்டையாகக் கிடக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். சுழியோடிக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

பகலில் சிங்கி வெளியே வராது. கல்லிடுக்கில் உடம்பைச் செருகி, நீண்ட இரண்டு உணர்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி வைத்திருக்கும். இருட்டியபின் இறங்கி நடந்து மட்டி, சிப்பி, நத்தை என்று கிடைத்ததைத் தின்னும். குழுவில் மூத்தவரை எல்லோரும் காக்கா என்றே அழைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்கு அவர் சொன்ன முதல் பாடம் இது: "உடம்பத் தேடாத மனே, மீசயப் பாரு."

கல்லின் நிழலில் கோடாகத் தெரியும் அந்த மீசையைக் கண்டுபிடிப்பதுதான் பாதித் தொழில். மீசையின் நிறம், காலின் வரி, வாலின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்தே இனம் எது என்று பிரித்துவிடுகிறார்கள். இலங்கைக் கடலில் ஆறு வகைச் சிங்கி இறால்கள் பதிவாகியிருக்கின்றன. அலை அடிக்கும் ஆழம் குறைந்த கற்களில் வாழும் பனுலிரஸ் ஹோமரஸ்தான் நாட்டின் தென்கரைப் பிடிபாட்டில் பெரும்பங்கு. வெள்ளை மீசையும் வெள்ளைக் கோடிட்ட கால்களும் கொண்ட வெர்சிகலர் பவளப்பாறையை விரும்பும். இந்த இனக்குழுவிலேயே பெரிதாக வளர்வது ஓர்னாட்டஸ். சில கிலோ வரை போகும். எந்தக் கல்லில் எது இருக்கும் என்பது காக்காவின் மனதில் கிடக்கிறது. அவரிடம் வரைபடம் இல்லை. கரையில் தெரியும் மினாரா, தென்னைக்கூட்டம், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றில் இரண்டை ஒரே நேர்கோட்டில் வைத்து, குறுக்கே இன்னொரு கோடு பிடித்துக் கல்லின் இடத்தைக் குறிக்கிறார்.

தொழிற்கருவிகள் கொஞ்சம்தான். முகக்கண்ணாடி, கால் துடுப்பு, தடித்த கையுறை, இடுப்பில் கட்டிய வலைப்பை, முனை வளைந்த மெல்லிய கம்பி. ஓரிரண்டு பாக ஆழத்தில் மூச்சடக்கிப் போய் வர இவை போதும். ஆபத்து இருப்பது அவசரத்தில். இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தால் அதிக நேரம் உள்ளே நிற்கலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். மூச்சுவிடச் சொல்லி உடம்பை உந்துவது கரியமில வாயு. வேகமாக மூச்சிழுக்கும்போது அந்த வாயு குறைந்துபோகிறது. உந்துதல் வருமுன்னே ஒட்சிசன் தீர்ந்து, மேலே வரும் வழியிலேயே மயக்கம் வந்துவிடும். அதனால் இந்தக் குழுவில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக இறங்குபவனை அடுத்த நாள் படகில் ஏற்றுவதில்லை.

பிடிக்கும் நொடிதான் கைவேலை. சிங்கிக்குக் கொடுக்கு இல்லை. முள் உண்டு, வால் உண்டு. பயந்தால் வாலை அடித்துப் பின்புறமாகப் பாயும். முன்னால் கை நீட்டினால் இன்னும் ஆழமாக உள்ளே போய் முட்களைக் கல்லில் ஊன்றிக்கொள்ளும். கம்பியைப் பக்கவாட்டில் நுழைத்து வாலின் பின்புறத்தை மெல்லத் தட்டினால் அது தானாகவே முன்னோக்கி நடந்து வெளியே வரும். வந்ததும் முதுகோட்டை மேலிருந்து கல்லோடு அழுத்தி ஒரே பிடியில் எடுக்க வேண்டும். மீசையைப் பிடித்து இழுத்தால் மீசைதான் கையோடு வரும். காலைப் பிடித்தால் காலைக் கழற்றி விட்டுவிட்டு ஓடிவிடும். உயிரோடு ஏற்றுமதியாகும் சிங்கிக்குக் கால் குறைந்தால் விலையும் குறையும்.

இடுக்குக்குள் வேறு குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள். சிங்கி இருக்கும் பொந்தில் அஞ்சாளை இருப்பது வழக்கம். பேய்க்கணவாய் சிங்கியைத் தின்னும். அஞ்சாளை பேய்க்கணவாயைத் தின்னும். ஆகவே அஞ்சாளையின் அயல் சிங்கிக்குக் காவல், சுழியோடியின் விரலுக்குக் கேடு. பொந்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் கை விடக் கூடாது என்று காக்கா திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

கையில் அகப்பட்ட சிங்கி கரகரவென்று சத்தம் போடும். தண்ணீருக்குள்ளும் அது கேட்கும். மீசையின் அடிப்பாகத்தில் உள்ள மெத்தென்ற பகுதியைக் கண்ணுக்குக் கீழே உள்ள அரத்தின் மீது இழுக்கும்போது அந்தச் சத்தம் எழுகிறது. வயலின் கம்பியில் வில் பிடித்துப் பிடித்து நழுவுவது போன்ற இயக்கம் இது என்று ஷீலா படெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2001இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். தேவையானது மெத்தென்ற பரப்புதான் என்பதால், ஓடு கழற்றி உடம்பு இளகியிருக்கும் நாட்களிலும் சிங்கியால் எதிரியை மிரட்ட முடிகிறது.

சுழியோட முடியாத நாட்களுக்குக் கூடு இருக்கிறது. கம்பிச் சட்டம், வலைத்துணி, உள்நோக்கிக் குறுகும் வாய். இரை வைக்கும் பை நடுவில் தொங்கும். மீன் தலையும் சிப்பி இறைச்சியும் போகும். கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் முன்பு செடிக் கம்பும் நாரும் கொண்டு முடைந்த கூடுகளில் சிப்பி வைத்தே சிங்கி பிடித்தார்கள். இங்கே கூட்டை மாலையில் கல்லோரம் இறக்கி, ரெஜிஃபோம் மிதவை கட்டி, சுபஹுத் தொழுகை முடிந்து போய்த் தூக்குகிறார்கள். சிங்கி தன் இனத்தின் வாசனையைத் தேடிப் போகும் பிராணி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சிறிய சிங்கிகளை உயிரோடு கூட்டில் விட்டே பெரியவற்றை வரவழைக்கிறார்கள். ஆனால் கயிறறுந்து காணாமல் போன கூடு கடலடியில் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் கூட்டின் ஒரு பக்கத்தைத் தென்னங்கயிற்றால் கட்டச் சொல்கிறார் காக்கா. சில மாதத்தில் கயிறு இற்றுப்போனால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும்.

கரையில் கூடைகளைக் கொட்டிப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி புரிந்தது. காக்கா ஒவ்வொரு சிங்கியையும் மல்லாத்திப் பார்த்தார். ஒரு பெண் சிங்கியின் வாலடியில் செம்மஞ்சள் முட்டைக் கொத்து. கூட்டில் வந்தது அது. படகிலேயே பார்த்துத் திருப்பி விட்டிருக்க வேண்டும் என்று இளைஞனைக் கடிந்துகொண்டார். "முட்ட இரிக்கிறதப் புடிச்சா, வாற வருசம் என்னத்தப் புடிக்கிற?" ஈரச்சாக்கில் சுற்றி, படகை மறுபடி தள்ளிக்கொண்டு போய்க் கல்லருகே விட்டு வந்தார்கள்.

அந்த ஒரு கொத்தில் இலட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். பொரிந்து வரும் குஞ்சு சிங்கி போலவே இராது. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் இலைத்தட்டை உடம்பு. திறந்த கடலின் நீரோட்டத்தில் மாதக்கணக்கில் அலைந்து, பல தடவை உருமாறி, பிழைத்தவை மட்டும் ஏதோவொரு கரையின் கல்லுக்கு வந்து சேரும். பாணமையில் பொரிந்தது பாணமைக்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு கரையின் பொறுப்பில்தான் இன்னொரு கரையின் பிடிபாடு இருக்கிறது.

சட்டமும் காக்கா சொன்னதையே சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் சிங்கி இறாலுக்கென ஒழுங்குவிதிகள் வந்தன. முட்டையோடு இருப்பதையும், ஓடு கழற்றிய மெல்லுடலையும், அளவுக்குச் சிறியதையும் பிடிக்கக் கூடாது. பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் தொழிலே கூடாது. இந்தியாவில் 2003 முதல் ஏற்றுமதிக்கு எடைவரம்பு உண்டு: ஹோமரஸ் 200 கிராம், பொலிஃபேகஸ் என்ற இன்னோர் இனம் 300 கிராம், ஓர்னாட்டஸ் 500 கிராம்.

விதியில் குழுவினருக்கு மனத்தாங்கல் இல்லை; மாதத்தில்தான் உண்டு. தென்கரையில் தென்மேற்குப் பருவம் அடங்கி நவம்பரில் தொழில் தொடங்கும். அதற்கு முந்திய இரண்டு மாதத் தடை அங்கே பருவத்தோடு ஒட்டிப் போகிறது. கிழக்கில் கதை வேறு. வாடைக்காற்றும் வடகீழ் மழையும் ஆண்டுக் கடைசி மாதங்களில் கடலைக் கலக்கிவிடும். அமைதியான மாதங்களின் கடைசிப் பகுதியான செப்டம்பரில் சட்டமும் கதவைச் சாத்துகிறது. தடை வேண்டாம் என்று இவர்கள் கேட்கவில்லை. கிழக்குக் கரையில் பெண் சிங்கி எந்த மாதத்தில் அதிகம் முட்டை சுமக்கிறது என்று இங்கேயே பார்த்து மாதத்தை வையுங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சிங்கியை மல்லாத்திப் பார்க்கும் இவர்களிடமே அந்தக் கணக்குக்கான தரவு இருக்கிறது.

பெரிய கேடு கல்மேல் விரிக்கும் வலையிலிருந்து வருகிறது. வலைக்குக் கண் கிடையாது. சிறியது, பெரியது, முட்டைக்காரி எல்லாம் சிக்கும். பிரித்தெடுக்கும்போது காலும் மீசையும் போகும். பவளக் கொம்பும் உடையும். கடலுக்கே திருப்பி விட்டாலும் பிழைக்குமா என்பது சந்தேகம். கையாலோ கூட்டாலோ பிடித்தது அப்படியல்ல. ஊனமில்லாமல் கைக்கு வருகிறது. பார்த்து, வேண்டாததை விடலாம். இந்த வேறுபாட்டில்தான் சுழியோடியின் மதிப்பு இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆழம் தேடிப் போகும் ஆசையும் இருக்கிறது. கரையோரக் கல் வெறுமையானால் சிலிண்டர் கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், வேகமாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் அடைத்துக்கொள்ளும். கால் விழுந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு வாடியிலும் ஒரு கதை உண்டு. மேலே வரும் வேகம், இடையில் நிற்க வேண்டிய நேரம் ஆகியவற்றை முறையாகப் படிக்காமல், பார்த்துப் பழகி இறங்குபவர்கள்தான் இப்படி விழுகிறார்கள்.

வளத்தைக் காத்தபடியே தொழில் நடத்த முடியும் என்பதற்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் கற்சிங்கித் தொழில் 2000 மார்ச்சில், நிலைத்த மீன்பிடிக்குச் சான்று தரும் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்று பெற்றது. உலகில் அந்தச் சான்றை முதலில் வாங்கிய தொழில் அதுதான். அங்கே பிடிப்பது கூட்டால். ஒவ்வொரு கூட்டிலும் சிறியவை வெளியேறக் குறிப்பிட்ட அகலத்தில் இடைவெளி கட்டாயம். முட்டைக்காரியைத் திருப்பி விட வேண்டும். தென்னங்கயிறு கட்டச் சொல்லும் காக்காவின் அறிவும் அந்தப் பக்கத்திலிருந்தே பேசுகிறது. வித்தியாசம், அங்கே அந்த அறிவுக்குச் சட்டமும் சந்தையும் துணை நிற்கின்றன.

இங்கும் அது முடியாத காரியமில்லை. கடனுக்கு வலை கொடுப்பவர்கள் அதற்குப் பதிலாக இடைவெளி வைத்த கூடு கொடுக்கலாம். ஒவ்வொரு படகுக்கும் முதுகோட்டை அளக்கும் ஒரு தகட்டைக் கொடுக்கலாம். சுழியோடிகளுக்கு மூச்சும் அழுத்தமும் பற்றித் தமிழில் பயிற்சி வைக்கலாம். முட்டைக்காரியைக் கண்ட நாளையும் கல்லையும் எழுதிவைக்க ஒரு பதிவேட்டைக் கடற்றொழில் சங்கங்களில் தொடங்கலாம். ஓரிரு ஆண்டுப் பதிவு சேர்ந்தால், கிழக்கின் தடைமாதம் எது என்ற பேச்சைக் கடற்றொழில் திணைக்களத்தோடு கணக்கு வைத்தே தொடங்க முடியும். அதற்கு ஒரு கொப்பி வாங்கி வைத்தால் போதும் என்றான் அந்த இளைஞன். முட்டைக்காரியை மறுபடி கடலில் விட்டுவந்த நாளைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்பது காக்காவின் விருப்பம்.